பனியில் வழி போடுற வண்டி

ஊர்ல இருந்து யார் போன் பண்ணினாலும் என் வண்டியைப் பத்தி முதல்ல கேட்கிற கேள்வி ஒண்ணுதாங்க. "எவ்ளோ ஸ்பீடு போகும்?" பதினஞ்சு, மிஞ்சிப் போனா இருபதுன்னு உண்மையைச் சொன்னா அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே வராது. அப்புறம் மெதுவா, "இதுக்கா இவ்ளோ காசு கொடுத்தே?"ன்னு வரும்.

அவங்களைச் சொல்லிக் குத்தமில்லை. ஸ்நோமொபைல்னாலே மலைச்சரிவுல பறக்கிறதும், பின்னாடி வில்லன் துரத்துறதும்தான் எல்லாருக்கும் ஞாபகம் வருது. நான் வச்சிருக்கிறது அந்த ஜாதி இல்லை. டிராக்டருக்கும் டிவிஎஸ் ஃபிப்டிக்கும் பொறந்த பிள்ளை மாதிரி ஒரு வண்டி. இதை யுடிலிட்டி டூரிங்னு சொல்றாங்க. யுடிலிட்டின்னா பின்னாடி கட்டை வண்டியைக் கட்டி விறகு இழுக்கிறது. டூரிங்னா ரெண்டு பேர் உட்கார்ற மாதிரி நீளமான சீட், முன்னாடி பெரிய கண்ணாடித் தடுப்பு, கைப்பிடியிலயும் த்ராட்டில்லயும் சூடு வர்ற கம்பி. அழகுன்னு எதுவும் கிடையாது. ஆனா இடுப்பளவு புதுப்பனியில இதை வச்சுக்கிட்டு ஒரு குளிர்காலம் ஓட்டிப் பார்த்தவனுக்கு மத்த வண்டியெல்லாம் பொம்மையாத் தெரியும்.

நான் இருக்கிறது வட ஸ்வீடன். யோக்மொக் ஊருக்குப் பக்கத்துல ஒரு சின்ன கிராமம். ஆர்க்டிக் வட்டத்துக் கோடு யோக்மொக்குக்குக் கொஞ்சம் தெற்கே போகுது, அதனால நாங்க கோட்டுக்கு மேலே. கம்பெனி ஆபீஸ் லூலியோவுல இருக்கு, மாசத்துல ரெண்டு நாள் போய் முகத்தைக் காட்டிட்டு வந்தா போதும், மீதி நாளெல்லாம் வீட்டுல உட்கார்ந்து பொட்டி தட்டலாம். இந்த நாட்டுல ஒரு வேடிக்கை. இருபது வீடு இருக்கிற கிராமத்துக்கும் ஃபைபர் கேபிள் வந்திருக்கும். எதிர்க்கரையில தனியா இருக்கிற ஒரே வீட்டுக்கும் அந்த கேபிள் போயிருக்கு. ரோடுதான் போகலை.

அந்த எதிர்க்கரை வீட்டுலதான் பெரியவர் இருக்கார். வயசு எழுபத்தெட்டு. கோடையில படகு. குளிர்காலத்துல ஏரி உறைஞ்சப்புறம் ரெண்டு கிலோமீட்டர் ஐஸ் மேலே போய், கரையேறி, காட்டுக்குள்ள இன்னும் ஒண்ணே கால் கிலோமீட்டர் போகணும். ஸ்வீடன்ல 1960கள்ல மரியாதைச் சொல் எல்லாத்தையும் கைவிட்டுட்டாங்க. பிரதமரானாலும் பிச்சைக்காரனானாலும் ஒரே 'நீ'தான். நானும் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடறேன். ஆனா மனசுக்குள்ள அது வரமாட்டேங்குது, பெரியவர்னுதான் வருது. இங்கேயும் அப்படியே எழுதிடறேன்.

இன்னொண்ணு. நம்ம பாஷையில புல் மேலே இருக்கிற துளியும் பனி, மூடுறதும் பனி, கொட்டுறதும் பனி, உறைஞ்சதும் பனி. இங்கே அப்படிப் பேசினா ஆள் காலி. அதனால வானத்துல இருந்து விழறது பனி, ஏரி மேலே உறைஞ்சு கிடக்கிறது ஐஸ்னு பிரிச்சுக்கறேன்.

சரி, வண்டி. லிங்க்ஸ் 69 ரேஞ்சர், 2014 மாடல், செகண்ட் ஹேண்ட். பக்கத்து நாடான பின்லாந்துல ரோவனியெமியில செய்யறது. 69ங்கிறதுல 6 அகலம், 9 நீளம். கீழே ஓடற ரப்பர் பெல்ட் 60 சென்டிமீட்டர் அகலம், சுத்தளவு 3.9 மீட்டர். வழக்கமான ஸ்போர்ட்ஸ் வண்டியில அகலம் 38 சென்டிமீட்டர்தான். இன்ஜின் 600 சிசி, ரெண்டு சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக். அறுபது குதிரைச் சக்தி பக்கம். இதே விலைக்கு இதைவிட ரெண்டு மடங்கு சக்தி உள்ள வண்டி கிடைச்சிருக்கும். கியர்ல லோ, ஹை, நியூட்ரல், ரிவர்ஸ் நாலும் உண்டு. பனியில முக்கால்வாசி நேரம் லோ கியர்தான். பெட்ரோலோட சேர்த்து எடை 350 கிலோ பக்கம் வரும்.

350 கிலோ எப்படிங்க பனியில மிதக்கும்? வாங்கின புதுசுல ஒரு நாள் ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன். வண்டியும் கவசம் மாட்டின நானும் சேர்ந்து 440 கிலோ. பெல்ட் தரையில படற இடம், ரெண்டு ஸ்கீ, எல்லாம் சேர்த்து தோராயமா 13,000 சதுர சென்டிமீட்டர். வகுத்தா சதுர சென்டிமீட்டருக்கு 34 கிராம். அதே நான் கீழே இறங்கி நின்னா 90 கிலோ, ரெண்டு பூட்ஸும் சேர்த்து 600 சதுர சென்டிமீட்டர். 150 கிராம். ஒரு காலைத் தூக்கி அடுத்த அடி வச்சா 300 கிராம். அதனாலதான் வண்டி ஒரு முழம் இறங்கி நிக்கிற இடத்துல, இறங்கின மனுஷன் இடுப்பு வரைக்கும் போயிடறான். நெல் வயல்ல சேறு அடிக்கிறப்ப டிராக்டருக்கு இரும்புக் கூண்டு சக்கரம் மாட்டுவாங்களே, ஏறக்குறைய அந்த வேலைதான் இந்த அகல பெல்ட்டும் பண்ணுது.

இதைத் தெரிஞ்சுக்கிட்டா அடுத்த விஷயமும் புரியும். ஆழமான பனியில வண்டி நின்னு போச்சுன்னா, ஓட்டறவன் கிட்டத்தட்ட கைதி. வீடு 300 மீட்டர்ல தெரியும், ஆனா நடந்து போக ஒரு மணி நேரம். வேர்த்துப் போகும். மைனஸ் 25ல வேர்வைதான் எமன். அதனால பின் சீட்டுக்குக் கீழே எப்பவும் ஸ்னோ ஷூ, மடக்கு மண்வெட்டி, காஞ்ச பனியன், தீப்பெட்டி, ஸ்பேர் டிரைவ் பெல்ட். கழுத்துல ஐஸ் ஊசி, அதாவது ரெண்டு சின்னக் கைப்பிடியில ஆணி வச்சது. ஐஸ் உடைஞ்சு தண்ணியில விழுந்தா அதைக் குத்திக் குத்தித்தான் மேலே ஏற முடியும்.

நிற்கிறதுக்குன்னே ஒரு முறை இருக்குங்க. பிரேக் அடிக்கக் கூடாது. த்ராட்டிலை விட்டுட்டா பனியே வண்டியைப் பிடிச்சு நிறுத்திடும். பிரேக் அடிச்சா பெல்ட் தனக்கு முன்னாடி ஒரு சுவரைக் கட்டிக்கும், மறுபடி கிளம்பறப்ப அந்தச் சுவர்ல ஏறணும். முடிஞ்சா இறக்கத்துல நிறுத்தணும். நின்ன உடனே ரிவர்ஸ் போட்டு வந்த தடத்துலயே ரெண்டு மீட்டர் பின்னாடி வந்துடணும். கிளம்பறப்ப அந்த ரெண்டு மீட்டர் ஓடுபாதை மாதிரி உதவும். இந்த வகை வண்டியில ரிவர்ஸ் எடுத்தா பெல்ட்டோட பின்பகுதி மேலே மடங்கிக்கும், இல்லேன்னா பின்னாடியே குழி தோண்டிக்கிட்டு உட்கார்ந்துடும். கிளம்பறப்ப த்ராட்டில்ல கட்டைவிரலை மெதுவா அழுத்தணும். பெல்ட் சுத்த ஆரம்பிச்சு வண்டி நகரலைன்னா உடனே விட்டுடணும். ஆத்திரத்துல அழுத்தினா மூணு செகண்ட்ல வண்டி தனக்குத்தானே பள்ளம் வெட்டிக்கும். அந்தப் பள்ளத்துல இருந்து 350 கிலோவைக் கிளப்பறது என்னன்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். சக்தி அதிகமான வண்டியில இந்தப் பள்ளம் இன்னும் சீக்கிரம் விழும், அவ்வளவுதான் வித்தியாசம்.

வேகம் வேகம்னு கேட்கிறவங்களுக்காக ஒரு வரி: ஸ்வீடன்ல ஸ்நோமொபைலுக்கு உச்ச வேகம் 70 கிலோமீட்டர், சட்டப்படி. 2000க்கு அப்புறம் கார் லைசென்ஸ் எடுத்தவங்க தனியா கிளாஸ் போய், பரீட்சை எழுதி, ஸ்நோமொபைல் சான்றிதழ் வாங்கணும். குடிச்சுட்டு ஓட்டினா கார் ஓட்டறவனுக்கு உள்ள அதே சட்டம். பக்கத்து நார்வேயில பொழுதுபோக்குக்கு ஓட்டறதுக்கே பொதுவா தடை, குறிச்சு விட்ட தடங்கள்ல மட்டும்தான் போகலாம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். இந்த வண்டியை வாங்கி ரெண்டு வாரம் ஆகியிருக்கும். டிசம்பர் மாசம், ஐஸ் நல்லாப் பிடிச்சுடுச்சு, 60 சென்டிமீட்டர் பனி. பெரியவருக்கு விறகும் மண்ணெண்ணெயும் கொண்டு போகணும். கட்டை வண்டியில ஏத்தி, கட்டி, கிளம்பத் தயாரா நிக்கிறேன். பெரியவர் போன்ல கேட்டார்.

"வழி போட்டியா?"

"இப்பதான் போடப் போறேன், போற வழியிலயே."

"சுமையை இறக்கி வை. இன்னைக்குச் சும்மா வா. காபி குடி. சும்மா போ. நாளைக்குச் சுமை கொண்டு வா."

ஒரு நாள் வேலையை ரெண்டு நாளா ஆக்கச் சொல்றாரே மனுஷன்னு தோணிச்சு. ஆனா அதுக்குள்ள இருக்கிற சயின்ஸ் அழகானது. புதுப்பனி காஞ்ச புட்டு மாவு மாதிரி, ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. வண்டி அது மேலே ஏறிப் போறப்ப துகள்களெல்லாம் உடைஞ்சு, கலந்து, நெருங்கி உட்காருது. அப்படி நெருங்கின துகள்கள் சும்மா கிடக்கிறப்பவே தொடற இடத்துல எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்க ஆரம்பிக்குது. இதுக்கு சின்டரிங்னு பேர், உலோகப் பொடியை அழுத்திச் சூடாக்கிப் பாகம் செய்யறதுக்கும் இதே பேர்தான். பனிக்கு அந்தச் சூடு கூட வேண்டாம், நேரம் மட்டும் போதும். ஆறேழு மணி நேரம் விட்டா கெட்டிப்படும். ராத்திரி முழுக்க விட்டா காலையில அது மேலே பூட்ஸோட நடக்கலாம். அரை டன் சுமையை இழுத்துக்கிட்டுப் போகலாம். நேத்து போட்ட தடம் இன்னைக்கு ரோடு.

அதே சுமையோட முதல் நாளே போயிருந்தா? பின்னாடி கட்டின வண்டி கலப்பை மாதிரி பனியை அள்ளிக்கிட்டே வரும், பாதி ஏரியில எல்லாம் நின்னு போகும்.

ஏரியில இதைவிட முக்கியமான ஒரு காரணமும் உண்டு. ஐஸ் மேலே நிறையப் பனி விழுந்தா அந்த பாரத்துல ஐஸ் கீழே அமுங்கும். விரிசல் வழியா தண்ணி மேலே வரும். மேலே இருக்கிற பனி கம்பளி மாதிரி மூடியிருக்கிறதால, வெளியே மைனஸ் 25 இருந்தாலும் அந்தத் தண்ணி உறையாது. ஐஸுக்கும் பனிக்கும் நடுவுல கேப்பைக் கூழ் மாதிரி கிடக்கும். மேலே இருந்து பார்த்தா ஒண்ணுமே தெரியாது, வெள்ளை வெளேர்னு சமமா இருக்கும். அதுல வண்டி இறங்கினா நிறுத்தவே கூடாது, அப்படியே சீரா த்ராட்டிலைப் பிடிச்சு கெட்டியான இடம் வரைக்கும் போயிடணும். நின்னா கூழ் பெல்ட்டுக்குள்ள புகுந்து, வெளியே இழுத்த அஞ்சு நிமிஷத்துல கல்லா உறைஞ்சுடும். இதுக்கும் மருந்து அதே தடம்தான். வண்டி போன இடத்துல பனி அமுங்கி, கம்பளி மெலிசாகுது. குளிர் உள்ளே இறங்குது. கூழ் உறையுது. வாரத்துக்கு ரெண்டு முறை அந்த வழியில சும்மா போய் வந்தாலே அந்த அகலத்துக்கு மட்டும் ஐஸ் நல்ல கனமாயிடும்.

அதுக்காக எல்லா ஏரியிலயும் இதே தைரியம் ஆகாது. லூலே ஆத்துல 15 நீர்மின் நிலையம் இருக்கு. அணைக்கட்டி நிறுத்தின ஏரிகள்ல குளிர்காலம் முழுக்க தண்ணியை எடுத்துக்கிட்டே இருப்பாங்க. மட்டம் இறங்க இறங்க கரையோரமா ஐஸ் ஆதாரமில்லாம தொங்கும், உடையும். எங்க ஏரி அணை இல்லாத ஏரி. அப்படியும் ஓடை வந்து சேர்ற இடத்துக்குப் பக்கத்துல நான் போறதில்லை. துளை போட்டுப் பார்த்து, கண்ணாடி மாதிரி இருக்கிற நல்ல ஐஸ் 20 சென்டிமீட்டர் இல்லாம வண்டியை இறக்கறதும் இல்லை. மேல்பக்கம் பனி நனைஞ்சு உறைஞ்ச வெள்ளை ஐஸை நான் பாதிக் கணக்காத்தான் எடுத்துக்கறேன்.

ஆக, வழி போட்டாச்சு. அதோட முடிஞ்சதான்னா இல்லை. அதைக் காப்பாத்தணும். ஒவ்வொரு பனிப்பொழிவுக்கும் அப்புறம் மறுபடி ஓட்டி அழுத்தணும். மாசக்கணக்குல அது சுத்தி இருக்கிற பொலபொலப்புக்கு நடுவுல ஒளிஞ்சிருக்கிற மதில் சுவர் மாதிரி ஆயிடும். மேலே புதுப்பனி மூடிட்டா கண்ணுக்குத் தெரியாது. ஒரு ஸ்கீ ஓரத்தைத் தாண்டிச்சுன்னா வண்டியை அப்படியே இழுத்துக் கவுத்துடும். அதனால 40 மீட்டருக்கு ஒரு குச்சி. பொதுத் தடங்கள்ல சிவப்புப் பெருக்கல் குறி போட்ட கம்பம் நட்டிருப்பாங்க. எங்களது சொந்தத் தடம், அதனால வில்லோ குச்சிதான். மூஸ் மான் வேற ஒரு தொல்லை. அதுவும் பாவம், ஆழப்பனியில நடக்க முடியாம நம்ம தடத்துலயே வரும், ஒவ்வொரு அடிக்கும் ஒரு குழி. ரெய்ண்டீர் கூட்டமா வந்தா ஓரங்கட்டி இன்ஜினை அணைச்சுட்டுக் காத்திருக்கணும். அதுங்களை விரட்டினா, பசியில கிடக்கிற குளிர்காலத்துல சேர்த்து வச்ச கொழுப்பெல்லாம் ஓடியே தீர்த்துடும். அந்த மாடுகளுக்குச் சொந்தக்காரங்களான சாமி மக்கள்தான் இந்தப் பக்கத்துல இந்த வண்டியை உண்மையா ஓட்டத் தெரிஞ்சவங்க. பின்லாந்துப் பக்கம் சாமி கிராமங்கள்ல 1960களோட ஆரம்பத்துல முதல் வண்டி வந்துச்சு. பத்து வருஷத்துக்குள்ள ரெய்ண்டீர் சறுக்கு வண்டி கிட்டத்தட்ட காணாமப் போச்சு. பெர்ட்டி பெல்ட்டோன்னு ஒரு மானுடவியல்காரர் 1973ல இதைப் பத்தியே ஒரு புத்தகம் எழுதியிருக்கார்.

தடத்தைச் சமப்படுத்த கம்பெனிக் கருவியெல்லாம் விக்கிறாங்க, விலையைப் பார்த்தா மயக்கம் வரும். பெரியவர் கிட்ட பழைய இரும்புக் கட்டிலோட ஸ்பிரிங் சட்டம் ஒண்ணு இருந்துச்சு. அது மேலே ரெண்டு டயரைக் கட்டி, வண்டிக்குப் பின்னாடி இழுத்தா மேடு பள்ளமெல்லாம் சீவி விட்ட மாதிரி ஆயிடுது. நாலு வருஷமா அதுதான்.

இந்த வண்டியோட பூர்வீகத்தையும் சொல்லிடறேன். கனடாவுல கியூபெக் மாகாணம், வால்கூர்னு ஒரு ஊர். ஜோசப் ஆர்மாண்ட் பொம்பார்டியே அங்கே மெக்கானிக். சின்ன வயசுல இருந்தே பனியில ஓடற வண்டி செய்யணும்னு கிறுக்கு. 1934 குளிர்காலத்துல அவரோட ரெண்டு வயசுப் பையனுக்கு வயித்துக்குள்ள சீழ் பிடிச்சுடுச்சு. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். ரோடெல்லாம் பனியில மூடிக் கிடக்குது. அவர் செஞ்சுக்கிட்டிருந்த வண்டி எதுவும் ஓடற நிலையில இல்லை. பையன் இறந்துட்டான். 1937ல பல்சக்கரமும் பெல்ட்டும் சேர்ந்த அமைப்புக்கு அவருக்கு பேட்டன்ட் கிடைச்சது. முதல்ல செஞ்சதெல்லாம் ஏழு பேர் உட்கார்ற பெரிய வண்டிகள். 1940களோட கடைசியில கியூபெக் அரசாங்கம் கிராமத்து ரோடெல்லாம் பனியை வாரணும்னு சட்டம் போட்டதும் அந்த வண்டிகளுக்கு மவுசு போயிடுச்சு. அப்புறம் 1959ல சின்னதா, ஒருத்தர் ரெண்டு பேர் போற ஸ்கி-டூ வந்துச்சு. லிங்க்ஸும் இன்னைக்கு அந்தக் குடும்பத்து வண்டிதான்.

2024 பிப்ரவரி. ரெண்டு நாளா விடாம பனி, கிட்டத்தட்ட முழங்கால் அளவு. முதல் நாள் சாயங்காலம் ஒரு முறை போய் வழி போட்டேன். ரெண்டாம் நாள் காலையில வேலை தொடங்கறதுக்கு முன்னாடி கட்டில் சட்டத்தை இழுத்துக்கிட்டு மறுபடி போய் வந்தேன். விசேஷமா எதுவும் இல்லை, வழக்கமான வேலை. பெரியவர் ஜன்னல்ல இருந்து கையைத் தூக்கினார். நானும் தூக்கினேன்.

ராத்திரி எட்டே முக்காலுக்குப் போன். பெரியவர் ராத்திரியில கூப்பிடற ஆள் இல்லை. நெஞ்சை அடைக்குது, இடது கை மரத்துப் போச்சு, 112க்குச் சொல்லிட்டேன், உனக்கும் சொல்லலாம்னு கூப்பிட்டேன்னார். குரல்ல பதட்டமே இல்லை, பால் தீர்ந்து போச்சுங்கிற மாதிரி சொன்னார். அடுத்த ரெண்டு நிமிஷத்துல ஆம்புலன்ஸ்ல இருந்து கூப்பிட்டாங்க. பனிமூட்டத்துல ஹெலிகாப்டர் எடுக்க முடியலை. ஆம்புலன்ஸ் எங்க கிராமத்துக்கு வர நாப்பது நிமிஷம் ஆகும். அவரை ரோடு வரைக்கும் கொண்டு வர முடியுமா? வழி எப்படி இருக்கு?

"வழி இருக்கு"ன்னு சொன்னேன்.

கிராமத்துப் பொது மண்டபத்துச் சுவர்ல இதயத்துக்கு ஷாக் கொடுக்கிற பெட்டி ஒண்ணு மாட்டியிருக்கும். பக்கத்து வீட்டு லாரி டிரைவர் அதை எடுத்துக்கிட்டு ஓடி வந்து என் பின்னாடி உட்கார்ந்தார். பின்னாடி கட்டை வண்டியில ரெய்ண்டீர் தோல் நாலு, ரெண்டு மெத்தை, தார்ப்பாய். ஏரி மேலே லைட் வெளிச்சத்துல பனி எதிர்ல கோடு கோடா வருது, பத்து மீட்டருக்கு மேலே எதுவும் தெரியலை. குச்சி, குச்சி, குச்சி. ஒவ்வொரு குச்சியும் தெரியற வரைக்கும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டு, தெரிஞ்சதும் விட்டுக்கிட்டு. கீழே தடம் கெட்டியா, மரப்பலகை மாதிரி இருந்துச்சு. போய்ச் சேர பன்னெண்டு நிமிஷம்.

பெரியவர் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில கோட்டு போட்டு, தொப்பி வச்சு, தயாரா உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறம். நடக்க வேண்டாம்னு ரெண்டு பேரும் நாற்காலியோட தூக்கிக்கிட்டுப் போய் வண்டியில படுக்க வச்சோம். லாரிக்காரர் பக்கத்துல முட்டி போட்டு உட்கார்ந்துக்கிட்டார், ஒரு கை பெட்டி மேலே, ஒரு கை பெரியவர் தோள் மேலே. ஏதாவது ஆச்சுன்னா டார்ச்சை ஆட்டறேன், நிறுத்துன்னு சொன்னார்.

திரும்பி வந்த அந்த மூணே கால் கிலோமீட்டர்ல நான் கண்ணாடியைப் பார்த்த மாதிரி எதையும் பார்த்ததில்லை. வேகமாவும் போக முடியாது, ஒரு குலுக்கல் கூட ஆகக் கூடாது. நிக்கவும் கூடாது. காட்டுல இருந்து ஏரிக்கு இறங்கற வளைவுல, பிர்ச் மரத்துக்கிட்ட, வலது ஸ்கீ ஓரத்துல லேசா அமுங்கிச்சு. எழுந்து நின்னு உடம்பை இடது பக்கம் சாய்ச்சேன். ஏறிடுச்சு. பதினேழு நிமிஷம் ஆச்சு, மணிக்கு பன்னெண்டு கிலோமீட்டர்கூட இல்லை. ஏரி நடுவுல வர்றப்பவே கிராமத்துப் பக்கம் நீல வெளிச்சம் சுத்தறது பனிக்குள்ள மங்கலாத் தெரிஞ்சது.

ஆம்புலன்ஸுக்குள்ள ஏத்தி ஏதேதோ ஒயர் மாட்டினாங்க. கதவை மூடறதுக்கு முன்னாடி பெரியவர் என்னைக் கையால கூப்பிட்டார். குனிஞ்சு கேட்டேன்.

"அடுப்புல காபித் தண்ணி வச்சிருந்தேன். போய்ப் பார்த்துடு."

மறுபடி போனேன், தனியா. அப்பதான் கை நடுங்க ஆரம்பிச்சது. சூடு வர்ற கைப்பிடியை ஃபுல்ல வச்சும் நிக்கலை. கெட்டில்ல தண்ணி வத்தி அடிப்பிடிச்சிருந்துச்சு. அடுப்பை அடைச்சு, விளக்கை அணைச்சு, பூனைக்குச் சாப்பாடு வச்சேன். பூனை இருக்கிறதை அவர் சொல்லவே இல்லை பாருங்க.

ஆஸ்பத்திரியில ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் வச்சாங்க. அப்புறம் மக வீட்டுல சில வாரம். ஏப்ரல்ல திரும்பி வந்தார். ஏப்ரல்ல பகல்ல உருகி ராத்திரியில உறைஞ்சு, காலையில பனி மேலே ஒரு ஓடு கட்டிக்கும். அந்த ஓட்டு மேலே தடமே வேண்டாம், எங்கே வேணா ஓட்டலாம், நடக்கலாம். பதினோரு மணிக்கு மேலே கால் வச்சா தொபுக்குன்னு இறங்கிடும். காலை ஏழு மணிக்கு அவரைப் பின் சீட்டுல உட்கார வச்சுக் கூட்டிக்கிட்டுப் போனேன். வழி நெடுக ஒண்ணும் பேசலை. பிர்ச் மரத்துக்கிட்ட மட்டும் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னார். இறங்கி நின்னு வளைவைப் பார்த்தார்.

"இது ரொம்பக் குறுகல். இந்தப் பக்கம் சுத்திக் கொண்டு வரணும்."

"நாலு மரம் வெட்டணும்."

"வெட்டலாம். என் காடுதான்."

வீட்டுல காபி போட்டுக்கிட்டே கேட்டார். மக லூலியோவுக்கு வந்துடச் சொல்றா, அபார்ட்மென்ட் கூட பார்த்து வச்சிருக்கா. நீ என்ன பண்ணப் போறே, ஊருக்குப் போயிடுவியா? நீ இருக்கிறதை வச்சுத்தான் நான் அவளுக்குப் பதில் சொல்லணும்.

அப்படி நேரடியா யாரும் என்கிட்ட எதையும் கேட்டதில்லைங்க. அம்மா ஒரு பக்கம் எப்ப வர்றேன்னு கேட்டுக்கிட்டிருக்காங்க. விசா புதுப்பிக்கணும். எழுபத்தெட்டு வயசுல ஒருத்தர் தன் வீட்டுல இருக்கிறதும் இல்லாததும் நான் வாரத்துக்கு ரெண்டு முறை ஏரி மேலே போய் வர்றதுல தொங்கிக்கிட்டிருக்கு. இல்லேன்னு சொல்லியிருந்தா அவர் ஒண்ணும் தப்பா நினைச்சிருக்க மாட்டார். அடுத்த பனிக்கு இருப்பேன்னு சொன்னேன். அதுக்கடுத்த பனியைப் பத்தி அவரும் கேட்கலை.

கோடையில நாலு மரத்தையும் வெட்டினோம். நவம்பர்ல ஏரி உறைஞ்சது, டிசம்பர் முதல் வாரம் துளை போட்டதுல 23 சென்டிமீட்டர். குச்சி நட்டாச்சு. மொத்தம் 86. முந்தின வருஷத்தைவிட 5 கூட, வளைவைச் சுத்திக் கொண்டு போனதால. சுமையில்லாம ஒரு முறை போய், காபி குடிச்சுட்டுத் திரும்பி வந்தேன். மறுநாள் விறகு கொண்டு போனேன்.